தொழிச் சேறும் அகார்த் தட்டும்: நோய்க்கிருமியை வளர்த்துக் கண்டறியும் ஊடகத்தை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்?

பிசானப் பருவ நெல் நடவுக்குத் தொழி அடிக்கும், அதாவது வயலைச் சேறாக உழும், ஐப்பசி மாதத்தில், கல்லிடைக்குறிச்சிப் பக்கத்து வயலில் நாள் முழுவதும் முழங்கால் சேற்றில் நின்ற ஒருவருக்குக் காய்ச்சல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வாரமாகியும் தணியவில்லை. தொடையில் ஒரு கட்டி பழுத்து நிற்கிறது. அவருக்குச் சர்க்கரை நோய் பல வருடமாக உண்டு. மருத்துவர் கட்டியிலிருந்து ஊசியால் சீழை உறிஞ்சி எடுத்துப் பாளையங்கோட்டையில் உள்ள ஓர் ஆய்வகத்துக்கு அனுப்புகிறார். உடன் வரும் சீட்டில் பெயர், வயது, அதற்குக் கீழே 'சீழ், கல்ச்சர், சென்சிட்டிவிட்டி' என்று மூன்று சொற்கள் மட்டும் இருக்கின்றன. கிருமியை வளர்த்துப் பார், எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார் என்பது அதன் பொருள். தொழியும் சேறும் சர்க்கரையும் இரண்டு வாரக் காய்ச்சலும் அந்தச் சீட்டில் இல்லை. அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, கிருமிக்கான உணவை உறையவைத்த தட்டுகளில் எந்தெந்தவற்றில் இந்தச் சீழை இடுவது, எத்தனை நாள் வைத்துப் பார்ப்பது என்று ஆய்வகத்தில் இருப்பவர் முடிவு செய்தாக வேண்டும்.

நோயாளிக்கும் அவர் வீட்டாருக்கும் கண்ணில் படுவது கடைசியில் கைக்கு வரும் கல்ச்சர் ரிப்போர்ட் மட்டும்தான். அதில் 'நோ குரோத்' என்று இருந்தால் கிருமி ஏதும் இல்லை என்று நிம்மதி அடைபவர்களே அதிகம். உண்மையில் அந்தச் சொற்களுக்கு, நாங்கள் இட்ட தட்டுகளில், நாங்கள் வைத்திருந்த சூட்டில், நாங்கள் பொறுத்திருந்த நாட்களுக்குள் எதுவும் முளைக்கவில்லை என்பதைத் தவிர வேறு பொருள் இல்லை. கிருமியின் பெயர் தெரிவதற்கு முன்பே அதற்கான உணவைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருப்பதுதான் இந்த வேலையின் இயல்பான சிக்கல். சீட்டில் எழுதப்படும் ஒவ்வொரு சொல்லும் சிகிச்சையின் திசையை மாற்றக்கூடியது என்பதை இந்தத் துறைக்கு வெளியே இருப்பவர்களும் அறிந்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வளர்ப்பூடகம் என்பது பாக்டீரியாவுக்கு நாம் சமைத்து வைக்கும் சாப்பாடு. இறைச்சிச் சாறு, பெப்டோன் என்னும் சிதைத்த புரதம், உப்பு, நீர் ஆகியவற்றைச் சேர்த்து, 121 பாகை செல்சியஸில் 15 நிமிடம் ஆட்டோகிளேவ் என்னும் அழுத்த நீராவிக் கலத்தில் வைத்துக் கிருமி நீக்கினால் திரவ ஊடகம் கிடைக்கும். அதைக் கெட்டியாக்கினால்தான் ஒவ்வொரு கிருமியும் தனித்தனிப் புள்ளியாக, அதாவது காலனியாக, வளர்ந்து கண்ணுக்குத் தெரியும். இதற்கு ஜெர்மன் நுண்ணுயிரியலாளர் ராபர்ட் கோக் முதலில் ஜெலட்டினைப் பயன்படுத்தினார். அது 30 பாகைக்கு உள்ளாகவே இளகிவிடும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் மேசை மேல் வைத்தாலே நீராகிவிடும் என்றால், கிருமியை வளர்க்க 37 பாகையில் இயங்கும் இன்குபேட்டர் பெட்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 1881இல், கோக்கின் ஆய்வகத்தில் பணிபுரிந்த வால்டர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபானி ஹெஸ்ஸே, தம் சமையலில் ஜெல்லி செய்யப் பயன்படுத்திவந்த அகாரை எடுத்துக்கொடுத்தார். ஏறக்குறைய 85 பாகையில் உருகி, 40 பாகைக்குக் கீழே வந்தால்தான் உறையும் அகார், உறைந்த பின் இன்குபேட்டரின் சூட்டுக்கு அசைவதில்லை. பெரும்பாலான பாக்டீரியாக்களால் அதைத் தின்று கரைக்கவும் முடிவதில்லை. கடற்பாசியிலிருந்து எடுக்கப்படுவது அது. மன்னார் வளைகுடாக் கரையில் பெண்கள் முங்கி எடுத்துவரும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் அகார் தரும் சிவப்புப் பாசிகளே.

எந்த மாதிரி வந்தாலும், பெரும்பாலும் முதலில் கை போவது இரத்த அகாருக்குத்தான். ஆட்டு இரத்தம் ஐந்து சதவீதம் கலந்த இந்தத் தட்டில், மனிதனைத் தாக்கும் பெரும்பாலான கிருமிகள் வளரும். அதோடு, அவை இரத்தச் சிவப்பணுக்களை என்ன செய்கின்றன என்பதும் தெரியும். தொண்டைப் புண்ணை உண்டாக்கி, சில குழந்தைகளுக்குப் பின்னால் வாதக் காய்ச்சலையும் இதய வால்வுப் பழுதையும் கொண்டுவரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனஸ், குண்டூசித் தலை அளவுள்ள தன் காலனியைச் சுற்றிச் சிவப்பணுக்களை முற்றிலும் கரைத்துவிடும். தட்டை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால், சிவந்த பரப்பில் கண்ணாடி வைத்ததுபோல் தெளிந்த வளையங்கள் தெரியும். நிமோனியாவை உண்டாக்கும் நியூமோகாக்கஸ் பாதி மட்டும் கரைத்துப் பச்சை படிந்த மங்கல் வளையத்தை விட்டுச்செல்லும்.

இந்த வளையம் தெரிய வேண்டுமானால் இரத்தம் சரியானதாக இருக்க வேண்டும். கண்ணாடிக் குண்டுகள் போட்ட குடுவையில் புது ஆட்டு இரத்தத்தைப் பிடித்து, உறைநார் குண்டுகளைச் சுற்றிக்கொள்ளும் வரை விடாமல் சுழற்றி, பின்பு அகாரின் சூடு 45 முதல் 50 பாகைக்கு இறங்கியதும் கலக்க வேண்டும். நான் பணிக்குச் சேர்ந்த முதல் ஆய்வகத்தில் ஆட்டு இரத்தத்துக்கு வழியில்லை என்று, காலாவதியான மனித இரத்தப் பைகளைக் கலந்தே தட்டு ஊற்றினோம். அந்த இரத்தத்தில் சிட்ரேட் இருக்கும். கொடையாளியின் உடலில் உருவான எதிர்ப்பொருள்கள் இருக்கும். அவர் உட்கொண்ட ஆன்டிபயாடிக் எச்சமும் இருக்கக்கூடும். மூன்றுமே கிருமியை அடக்கக்கூடியவை. எத்தனை குழந்தைகளின் தொண்டைச் சளியில் இருந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸை நாங்கள் காணாமல் விட்டோமோ என்ற எண்ணம் இன்றும் என்னை உறுத்துகிறது.

இரத்த அகாரை இன்னும் சற்றுச் சூடாக்கி, 80 பாகை அளவில் வைத்தால் சிவப்பணுக்கள் வெடித்து, தட்டு பழுப்பு நிறமாகும். சாக்லேட் அகார் என்ற பெயர் அந்த நிறத்தால் வந்தது. அணுவுக்குள் அடைபட்டிருந்த சத்துகள் வெளிவந்துவிடுவதால், இரத்த அகாரில் தனியாக வளர முடியாத ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுவென்சே இதில் வளரும். மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸும் வளரும். தண்டுவட நீர் வந்தால் இந்தத் தட்டை இடாமல் விடக் கூடாது. இத்தகைய கிருமிகளுக்குக் காற்றில் 5 முதல் 10 சதவீதம் கரியமில வாயு வேண்டும். அதற்குரிய இன்குபேட்டர் இல்லாத சிறிய ஆய்வகத்திலும், மூடியுள்ள ஜாடிக்குள் தட்டுகளை அடுக்கி, ஒரு மெழுகுவத்தியை ஏற்றி மூடிவிட்டால் போதும். அது எரிந்து அணையும்போது ஏறக்குறைய மூன்று சதவீத வாயுவை விட்டுச்செல்லும், பல கிருமிகளுக்கு அதுவே போதுமானது.

இரத்த அகார் எல்லாரையும் வரவேற்கும் பந்தி என்றால், மெக்கான்கி அகார் ஆள் பார்த்து உள்ளே விடும் வாசல். ஆல்ஃபிரட் மெக்கான்கி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் இதை உருவாக்கியபோது பயன்படுத்திய தர்க்கம் இன்றும் வியப்புத் தருவது. மனிதக் குடலில் வாழும் கிருமிக்குப் பித்தம் பழகியது. தோலிலும் தொண்டையிலும் வாழும் பல கிருமிகளுக்கு அது பழகாதது. ஆகவே ஊடகத்தில் பித்த உப்பைச் சேர்த்தால் குடற்கிருமிகள் தாமாகவே பிரிந்து நிற்கும். அதோடு லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரையும் நியூட்ரல் ரெட் என்னும் சாயமும் சேர்க்கப்பட்டன. ஈகோலை, கிளெப்சியெல்லா ஆகிய குடற்கிருமிகள் லாக்டோஸைப் புளிக்க வைப்பதால் அமிலம் உண்டாகி, காலனிகள் ரோஜா நிறமாகும். டைபாய்டு, சீதபேதிக் கிருமிகளும், சூடோமோனாஸும் லாக்டோஸைத் தொடுவதில்லை. அவை நிறமின்றி வெளிறி நிற்கும். இவ்வாறு ஒரே தட்டு, வேண்டாதவற்றைத் தடுப்பதையும் வளர்ந்தவற்றை வகைப்படுத்துவதையும் சேர்த்துச் செய்துவிடுகிறது. பின்னால் வந்த பெரும்பாலான தேர்வூடகங்களும் இந்த இரட்டைக் கருத்தின் மேல் எழுந்தவையே.

சிறுநீருக்கு மெக்கான்கியுடன் இரத்த அகாரையோ, அல்லது தனியாகச் சிஎல்இடி என்னும் ஊடகத்தையோ பயன்படுத்துகிறோம். சிறுநீரில் வரும் புரோட்டியஸ் என்னும் கிருமி இரத்த அகாரில் ஓரிடத்தில் நிற்காது. குளத்தில் கல்லெறிந்ததுபோல் அலை அலையாகத் தட்டு முழுவதும் பரவி, உடன் இருக்கும் மற்ற கிருமிகளை மூடிவிடும். சிஎல்இடியில் உப்புச்சத்து மிகக் குறைவாக வைக்கப்பட்டிருப்பதால் அந்தப் பரவல் நின்றுவிடுகிறது. சிறுநீரில் கிருமியின் பெயரைப் போலவே எண்ணிக்கையும் முக்கியம். ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டும் எடுக்கும் அளவு லூப்பால், அதாவது சிறு கம்பி வளையத்தால், இடுகிறோம். 100 காலனி வளர்ந்தால் ஒரு மில்லிலிட்டரில் ஒரு லட்சம் கிருமி என்று பொருள். எட்வர்ட் காஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1950களில் நிறுவிய இந்த ஒரு லட்சம் என்ற எல்லைதான் இன்றும் பெரும்பாலும் பின்பற்றப்படுகிறது. எரிச்சலும் கடுப்பும் உள்ள பெண்களுக்கு அதைவிடக் குறைந்த எண்ணிக்கையும் நோயாகவே கருதப்படும்.

இந்தக் கணக்கை வெயில் எளிதில் கெடுத்துவிடும். விக்கிரமசிங்கபுரத்தில் காலை ஏழு மணிக்குப் பிடித்த சிறுநீர், பஸ்ஸில் பாளையங்கோட்டைக்கு வந்து, வரவேற்பு மேசையில் காத்திருந்து பதினொரு மணிக்குத் தட்டுக்கு வருகிறது என்று கொள்வோம். கிருமி அரை மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிக்குமானால், நான்கு மணி நேரத்தில் எட்டு முறை இரட்டித்து 256 மடங்காகும். தோலிலிருந்து தவறி விழுந்த ஆயிரம் கிருமிகள் இரண்டரை லட்சத்தைத் தாண்டி, நோயில்லாத ஒருவரை நோயாளியாகக் காட்டிவிடும். எவ்வளவு சிறந்த ஊடகமும் இந்தப் பிழையைச் சரிசெய்யாது. இரண்டு மணி நேரத்துக்குள் வர முடியாத சிறுநீர் குளிரில் வைக்கப்பட்டோ, போரிக் அமிலம் இட்ட குப்பியிலோ வர வேண்டும்.

மலத்தில் இருப்பவை பெரும்பாலும் குடலின் சொந்தக் குடிகள். அவற்றின் கூட்டத்துக்கு நடுவே ஓர் அந்நியரைத் தேட வேண்டும். எக்ஸ்எல்டி என்னும் தேர்வூடகத் தட்டில், டைபாய்டுக் கிருமியின் இனமான சால்மோனெல்லா சிவந்த காலனியாக, நடுவில் கரும்பொட்டுடன் தெரியும். காலராக் கிருமிக்கு இந்தத் தட்டுகள் ஏற்றவை அல்ல. அது காரத்தை விரும்புவது; பிஎச் 8.6 அளவு காரத்தன்மையுள்ள பெப்டோன் நீரில் ஆறு முதல் எட்டு மணி நேரம் ஊறவிட்டு, டிசிபிஎஸ் என்னும் பச்சைத் தட்டில் இட்டால், சுக்ரோஸைப் புளிக்க வைத்து மஞ்சள் காலனிகளாக எழும்பும். வழக்கமான மலப் பரிசோதனையில் டிசிபிஎஸ் இடுவதில்லை என்பதால், அரிசி கழுவிய நீர்போல் போகிறது என்ற குறிப்புச் சீட்டில் இருந்தாக வேண்டும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி கரை புரண்ட 2023 டிசம்பர் வெள்ளம் போன்ற நேரங்களில், குறிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தத் தட்டைத் தயாராக வைத்திருப்பது ஆய்வகத்தின் கடமை.

டைபாய்டுக்கு முதல் வாரத்தில் இரத்தத்தைத்தான் வளர்க்க வேண்டும். டைபாய்டு நோயாளியின் ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் ஒரு கிருமிகூட இல்லாமல் போவது சாதாரணம். ஆகவே நேராகத் தட்டில் இடாமல், எட்டு முதல் பத்து மில்லிலிட்டர் இரத்தத்தை அதைப்போல் ஐந்து முதல் பத்து மடங்கு திரவ ஊடகத்தில் கலக்கிறோம். இரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பொருளும் மருந்தும் அதில் நீர்த்துப்போகும். இரண்டு மில்லிலிட்டர் மட்டும் எடுத்து அனுப்பிவிட்டு, வளரவில்லை என்றதும், இரத்தத்தில் டைபாய்டு எதிர்ப்பொருளைத் தேடும் வைடால் பரிசோதனையை நம்புவது நம் ஊரில் பரவலான பழக்கம். முன்பு எப்போதோ வந்த நோயின் எதிர்ப்பொருளையும் காட்டிவிடக்கூடிய ஒற்றை வைடால் முடிவைக் கொண்டு ஆன்டிபயாடிக் தொடங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கிய இரண்டு மாத்திரை உள்ளே போன பின்பு எடுத்த இரத்தத்தில், கிருமி இருந்தும் வளராமல் போகலாம்.

கதிர் அடிக்கும்போது கண்ணில் தெறிக்கும் நெல் உமியால் வரும் கருவிழிப்புண்ணுக்கு வேறு வகையான ஒழுங்கு உண்டு. திருநெல்வேலி அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆய்வகத்திலிருந்து இந்தப் புண்ணைப் பற்றி முக்கியமான ஆய்வுக் கட்டுரைகள் வெளிவந்திருக்கின்றன. இங்கே பாக்டீரியாவும் பூஞ்சையும் பெருமளவில் காரணமாவதால், புண்ணிலிருந்து சுரண்டி எடுப்பதைக் கண் மருத்துவரே, எடுத்த இடத்திலேயே, இரத்த அகார், சாக்லேட் அகார், பூஞ்சைக்கான சபூரோ அகார் ஆகியவற்றில் ஆங்கில 'சி' எழுத்தின் வடிவில் வரிசையாகக் கீறுவார். கீறலின் மேல் வளர்வதே கணக்கில் வரும். கீறலுக்கு வெளியே வளர்வது காற்றிலிருந்து விழுந்தது என்று தள்ளப்படும். ஒரு கடுகளவுகூட இல்லாத மாதிரியில் கலப்படத்தைப் பிரித்தறிய இதைவிட எளிய வழி நான் கண்டதில்லை.

இனி, தொழியில் நின்றவரின் சீழுக்கு வருவோம். சீட்டில் உள்ள மூன்று சொற்களின்படி அது இரத்த அகாரிலும் மெக்கான்கியிலும் இடப்படும். மறுநாள் இரண்டிலும் சிறு வெளிறிய காலனிகள் இருக்கும். ஆக்சிடேஸ் என்னும் நொதி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையில் நீலமாகும். லாக்டோஸைப் புளிக்க வைக்காது. அவசரத்தில் இருப்பவர் 'சூடோமோனாஸ் வகை' என்று எழுதித் தட்டைக் கழித்துவிடுவார். ஆனால், அது மெலியாய்டோசிஸ் என்னும் நோயை உண்டாக்கும் புர்கோல்டேரியா சூடோமல்லேய் ஆக இருக்கலாம். ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் இந்தக் கிருமி, வெடித்த பாதத்தின் வழியாகவோ, மழைக்காற்றில் மூச்சின் வழியாகவோ உள்ளே போகும். சர்க்கரை நோய் உள்ளவர்களையே அதிகம் தாக்கும். நுரையீரல், கல்லீரல், மண்ணீரல் என்று எங்கு வேண்டுமானாலும் சீழ்க்கட்டிகளை உண்டாக்கி, காசநோய் போலத் தோற்றம் காட்டி ஏமாற்றும்.

1912இல் ரங்கூனில் ஆல்ஃபிரட் விட்மோரும் சி. எஸ். கிருஷ்ணசாமியும் இந்த நோயைப் புதியது என்று முதலில் உலகுக்கு அறிவித்தார்கள். அதற்கு முன் அறியப்பட்டிருந்த, குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் கிருமியை இது ஒத்திருந்தாலும், பெப்டோன் அகாரில் வேகமாகவும் செழிப்பாகவும் வளர்ந்தது என்பது இதைத் தனித்துக் காட்டிய அடையாளங்களில் ஒன்று. ஊடகத்தின் மேல் கிருமி நடந்துகொண்ட விதமே ஒரு நோயைக் கண்டறிய உதவியிருக்கிறது.

மெலியாய்டோசிஸ் கிருமிக்கென்று உள்ளது ஆஷ்டவுன் அகார். அதில் சேர்க்கப்படும் ஜென்டாமைசின் என்னும் ஆன்டிபயாடிக் மற்ற கிருமிகள் பலவற்றைக் கொன்றுவிடும். இந்தக் கிருமி பொதுவாக அதற்குப் பணிவதில்லை. கிரிஸ்டல் வயலட், நியூட்ரல் ரெட் என்னும் சாயங்களை உறிஞ்சி ஊதா நிறம் கொள்ளும் காலனிகள், மூன்றாம் நான்காம் நாளில் காய்ந்த நெல்லிக்காய் போல் சுருங்கி மடிப்பு விழுந்து நிற்கும். மடிப்பு விழும் வரை காத்திருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். 48 மணி நேரத்தில் தட்டைக் கழிக்கும் வழக்கத்தில் இது தப்பிவிடும். ஆஷ்டவுன் இல்லாத ஆய்வகத்திலும் ஒரு வழி உண்டு. சாதாரண ஊடகத்தில் வளர்ந்து ஆக்சிடேஸ் சோதனையில் நீலமான கிருமி, ஜென்டாமைசின், கொலிஸ்டின் ஆகிய மருந்துகளுக்கு அடங்காமல், அமாக்சிசிலின் கிளாவுலனேட் என்னும் மருந்துக்கு அடங்கினால், மெலியாய்டோசிஸ் என்று சந்தேகித்தே ஆக வேண்டும். அப்போது, கிருமி காற்றில் பரவாமல் காக்கும் ஆய்வகப் பாதுகாப்புப் பெட்டிக்கு வெளியே தட்டைத் திறக்கவோ, மண்வாசனை வருகிறதா என்று முகர்ந்து பார்க்கவோ கூடாது. ஆய்வகத்தில் இருப்பவருக்கே தொற்றக்கூடியது. பெயர் சரியாகத் தெரிந்தால் சிகிச்சை முற்றிலும் மாறும். செஃப்டாசிடைம் அல்லது மெரோபெனம் குறைந்தது இரு வாரம் நரம்பு வழியாகவும், பின்பு மூன்று மாதம் கோட்ரைமாக்சசோல் மாத்திரையாகவும் தர வேண்டும். ஐந்து நாள் ஊசி போட்டு அனுப்பினால் நோய் திரும்பிவரும்.

எல்லாக் கிருமிகளுக்கும் தட்டு உதவுவதில்லை. காசநோய்க் கிருமிக்கு முட்டையும் மாலக்கைட் கிரீன் சாயமும் சேர்த்த லோவன்ஸ்டைன் ஜென்சன் ஊடகத்தில் எட்டு வாரம் வரை பொறுக்க வேண்டும். வயல் நீரில் பரவும் எலிக்காய்ச்சலின் லெப்டோஸ்பைராவும் தனி ஊடகத்தில் வாரக்கணக்கில் வளர்வதால், சிகிச்சைக்கான முடிவை இரத்தத்தில் எதிர்ப்பொருள் தேடியே எடுக்கிறோம். ஸ்க்ரப் டைபஸ் என்னும் உண்ணிக் காய்ச்சலின் கிருமி உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே வளரும். அதற்கு உலகில் எந்த அகார்த் தட்டும் இல்லை. மலையடிவார ஊர்களிலிருந்து காய்ச்சலோடு வருபவரின் அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ சிகரெட் சுட்டதுபோல் ஒரு கரும்பொருக்கு இருக்கிறதா என்று பார்த்தவர், கல்ச்சருக்குக் காத்திருக்காமல் டாக்ஸிசைக்கிளினைத் தொடங்கிவிடலாம்.

தட்டுக்கு வரும் முன் மாதிரி எங்கே வைக்கப்பட்டிருந்தது என்பதையும் சீட்டில் எழுத வேண்டும். சிறுநீரைக் குளிரில் வைக்கச் சொல்லிப் பழக்கியதன் விளைவாக, இரவில் எடுத்த தண்டுவட நீரையும் அதே ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுக் காலையில் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். மெனிங்கோகாக்கஸும் ஹீமோஃபிலஸும் அந்தக் குளிரில் இறந்துவிடும். பிறகு எத்தனை சாக்லேட் தட்டு இட்டும் பயனில்லை. தண்டுவட நீரும் இரத்தக் கல்ச்சர் பாட்டிலும் அறைச் சூட்டிலேயே இருக்க வேண்டும். இரவு எந்நேரமானாலும் ஆய்வகத்தில் ஆளை எழுப்பிக் கையில் கொடுக்க வேண்டும்.